கொதிக்க வைத்த பிறகும் மஞ்சள் மாறவில்லை

சைட்டோகைனை (செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்ல விடுகிற சிறு புரதம்) விலைக்கு வாங்கியோ, நாமே செய்தோ ஏமாந்த கதை செல் கல்ச்சர் (உடலுக்கு வெளியே செல் வளர்ப்பது) செய்கிற எல்லோரிடமும் ஒன்றாவது இருக்கும். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்கள் தொடருங்கள்.

பிஎச்டி இரண்டாம் வருடம். எலியின் ஐஎல்-4 என்கிற சைட்டோகைன் வேண்டியிருந்தது. பத்து மைக்ரோகிராம் குப்பிக்கு இன்டெண்ட் (கொள்முதல் சீட்டு) போட்டால் எப்போது வரும் என்று ஸ்டோரில் யாருக்கும் தெரியாது, அதனால் கைடு "ஈகோலை பாக்டீரியாவில் நாமே செய்துவிடலாம்" என்றார். செய்தோம். புரதம் கரையாமல் இன்க்ளூஷன் பாடி என்கிற கட்டியாகத் திரண்டது, யூரியாவில் கரைத்து, நிக்கல் நிரப்பிய குழாயில் பிடித்து, யூரியாவைக் கொஞ்சம் கொஞ்சமாக டயாலிசிஸில் இறக்கி, எப்படியோ புரதத்தைச் சரியான வடிவத்தில் மடித்தோம். புரதங்களை எடை வாரியாகப் பிரித்துக் காட்டுகிற ஜெல்லில் 15 கிலோடால்டன் பக்கத்தில் ஒரே ஒரு கோடு, அதாவது வேறு புரதம் கலக்கவில்லை. அந்தப் படத்தை அம்மாவுக்குக்கூட அனுப்பினேன்.

எலும்பு மஜ்ஜையிலிருந்து வளர்த்த மேக்ரோஃபேஜில் (கிருமியை விழுங்குகிற நோயெதிர்ப்பு செல்) போட்டேன். ஐஎல்-4 பட்ட மேக்ரோஃபேஜ் சாந்தமாக வேண்டும், ஆர்ஜினேஸ் என்ற நொதி ஏற வேண்டும், அழற்சியைக் கிளப்புகிற டிஎன்எஃப் வரவே கூடாது. டிஎன்எஃப்பை நிறமாகக் காட்டுகிற எலைசா தட்டில் நிறம் தரும் சப்ஸ்ட்ரேட் விட்டு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, ஐஎல்-4 வரிசை முழுக்க நீலம் ஏறிவிட்டது, அமிலம் விட்டதும் கண்ணைப் பறிக்கிற மஞ்சள். புதிதாக எதையோ கண்டுபிடித்துவிட்டோம் என்று இரண்டு நாள் தூக்கமில்லை!

பக்கத்து லேப் அக்காதான் கேட்டார், "ஈகோலை புரதமா? கொதிக்க வெச்சுப் போட்டுப் பாரு." பத்து நிமிடம் கொதிக்க வைத்தேன். ஐஎல்-4 குலைந்துபோயிருக்க வேண்டும். தட்டில் அதே மஞ்சள். அடுத்த தட்டில் பாலிமிக்ஸின் பி சேர்த்ததும் நிறம் அப்படியே படுத்துவிட்டது. ஆக, பேசியது என் புரதமல்ல, ஈகோலை சுவரிலிருந்து கூடவே ஒட்டிக்கொண்டு வந்த எல்பிஎஸ் என்கிற நச்சு. கொதித்தாலும் அது குலையாது, பாலிமிக்ஸின்தான் அதைக் கட்டிப்போடும். ஜெல்லுக்குப் போடுகிற கூமாசி சாயம் புரதத்தைத்தான் காட்டும், எல்பிஎஸ்ஸைக் காட்டாது, அதனால் ஜெல்லில் எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும் பிரயோஜனமில்லை, மேக்ரோஃபேஜுக்கோ மில்லிக்கு ஒரு நானோகிராம்கூட வேண்டாம், அதன் மேலிருக்கிற டிஎல்ஆர்4 என்ற ஏற்பி மோப்பம் பிடித்துவிடும். பிறகு எல்ஏஎல் சோதனை, அதான் அந்தக் குதிரைலாட நண்டின் ரத்த அணுக்களில் செய்கிறது, எல்பிஎஸ் இருந்தால் உறைந்துவிடும். 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்துக் குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்தேன், ஆயிரம் மடங்கு நீர்க்க வைத்த சாம்பிள்கூட உறைந்து அடியிலேயே நின்றது.

* * *

அண்ணா, நான் உங்களைவிட மோசம். காசு கொடுத்து வாங்கிய சைட்டோகைன் குப்பி, கேரியர் புரதம் (துணைக்குக் கலக்கிற வேறு புரதம்) சேர்க்காத வகை. திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. காலிக் குப்பியை அனுப்பிவிட்டார்கள் என்று கம்பெனிக்குக் காட்டமாக ஒரு மெயில் போட்டேன். "திறக்கும் முன் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றினீர்களா?" என்று ஒரு வரியில் பதில் வந்தது. பத்து மைக்ரோகிராம் உறைவுலர்ந்த பொடி கண்ணுக்கே தெரியாது, பாதி மூடியில் ஒட்டியிருக்கும், நான் மூடியைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைத்திருந்தேன். மிச்சம் இருந்ததை வெறும் பிபிஎஸ் உப்புக் கரைசலில் நீர்க்கக் கரைத்து ஃப்ரீசரில் போட்டேன், அது ஒரே மாதத்தில் செயலிழந்தது. பிளாஸ்டிக் சுவரே குடித்துவிட்டது போல. கொஞ்சம் பிஎஸ்ஏ (மாட்டு ரத்தப் புரதம்) சேர்த்திருந்தால் தப்பித்திருக்கும்.

* * *

ஃப்ரீசரில் 'ஜிஎம்' என்று மட்டும் மார்க்கரில் எழுதிய ட்யூப். ரத்த வங்கியிலிருந்து பஃபி கோட் (வெள்ளணுப் படலம்) வாங்கி, மோனோசைட் என்ற வெள்ளணுவைப் பிரித்து, ஜிஎம்-சிஎஸ்எஃப் என்ற சைட்டோகைனும் ஐஎல்-4-ம் போட்டு, அது டெண்ட்ரிடிக் செல் என்கிற இன்னொரு நோயெதிர்ப்பு செல்லாக மாறக் காத்திருந்தேன். ஐந்தாம் நாள் பாதி செத்து மிதந்தது. அந்த ட்யூப் எலியுடையது, எலி ஜிஎம்-சிஎஸ்எஃப்பை மனித செல் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. இதற்கு முன் ஐஎல்-2 என்ற வேறொரு சைட்டோகைனில், மனிதனுடையதை எலி டி செல்லில் (இதுவும் ஒரு வெள்ளணு) போட்டு நன்றாகவே வேலை செய்திருந்ததால் எல்லாமே இப்படித்தான் என்ற தைரியம் எனக்கு. ஐஎல்-2-வில்கூட அது ஒருவழிப் பாதைதானாம், எலியின் ஐஎல்-2 மனித செல்லில் சரியாக எடுபடாது.

* * *

பழைய பேப்பரில் மில்லிக்கு 100 யூனிட் (எடையல்ல, வேலைத்திறனின் அளவு) ஐஎல்-2 என்று இருந்தது, நான் 100 நானோகிராம் போட்டேன். செல் என்னவோ நன்றாகத்தான் வளர்ந்தது, குப்பி ஒரே வாரத்தில் தீர்ந்தபோதுதான் கைடு கணக்குக் கேட்டார். புற்றுநோய்க்குக் கொடுக்கிற ஐஎல்-2 மருந்தில் 1.1 மில்லிகிராம் என்பது 18 மில்லியன் யூனிட், அப்படியென்றால் ஒரு நானோகிராமுக்கே 16 யூனிட் வரும். ஆறு நானோகிராமில் முடிகிற வேலைக்கு நூறு! அதுவும் அரசு நிதி. ஆமாம், முதலில் எழுதிய அண்ணா, அந்த ஐஎல்-4-ஐ என்னதான் செய்தீர்கள்?

* * *

ட்ரைட்டான் எக்ஸ்-114 என்ற சோப்பு மாதிரியான பொருளைப் போட்டுக் கழுவினேன். ஐஸில் தெளிவாக இருக்கும், 37-க்குக் கொண்டுபோனால் மோர் மாதிரி கலங்கும், சுழற்றினால் எல்பிஎஸ்ஸை இழுத்துக்கொண்டு அடியில் எண்ணெய்த் துளிபோலப் படியும். மூன்று முறை செய்ததில் எல்ஏஎல் குழாய் உறையவில்லை. ஆனால் மிச்சமிருந்த ட்ரைட்டான் மேக்ரோஃபேஜ்களைக் கொன்றுவிட்டது. அந்த ட்ரைட்டானை உறிஞ்சுகிற பீட்ஸ் (குட்டி மணிகள்) போட்டு எடுத்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் ஸ்டோரிலிருந்து போன் வந்தது, இன்டெண்ட் போட்ட குப்பி வந்திருக்கிறதாம்.