கருத்த தோல் வரையும்போது ஐந்தாவது லேயருக்கு மேல் நிறம் ஏறவில்லை: பாலிக்ரோமோஸா, பிரிஸ்மாகலரா?

கோடும்நிழலும்:
வணக்கம். ஏ4 அளவில் ஒரு மீனவப் பெண்ணின் முகம் போய்க்கொண்டிருக்கிறது. கருத்த நிறம், எண்ணெய் வைத்து வாரிய தலை, காதோரம் கொஞ்சம் நரை, மூக்குத்தி. பேப்பர் 140 ஜிஎஸ்எம் கார்ட்ரிட்ஜ் (சாதாரண வரைதாள்). கலர் பென்சில் மெழுகு வகை, மென்மையானது, 24 நிறம்.

கன்னத்தில் ஐந்தாவது லேயரோடு மேற்பரப்பு பளபளவென்று ஆகிவிட்டது. அதற்கு மேல் பென்சில் வழுக்குகிறது. கூந்தலில் அழுத்தித் தீட்டிய கருப்பு பத்து நாளில் வெளிறிவிட்டது, மேலே புகை படிந்த மாதிரி இருக்கிறது. நிழலுக்குக் கருப்பு போட்டால் தோல் கரி பூசியதுபோல் உயிரில்லாமல் கிடக்கிறது. ஃபேபர்-காஸ்டலின் பாலிக்ரோமோஸ் கலர் பென்சிலுக்கு மாறினால் இதெல்லாம் தீருமா? அல்லது பிரிஸ்மாகலர் பென்சில் பெரிய செட் வாங்கலாமா?

சீவியமுனை:
முதல் இரண்டுக்கும் முக்கியக் காரணம் அழுத்தம்தான். எந்தப் பென்சிலுக்கு மாறினாலும் அழுத்தும் பழக்கம் கூடவே வரும்.

பேப்பரின் சொரசொரப்பில் இருக்கும் குழிகள்தான் நிறத்தைப் பிடித்து வைக்கின்றன. மென்மையான மெழுகு முனையை முதல் லேயரிலேயே அழுத்தினால் குழியெல்லாம் மெழுகால் அடைபட்டுவிடும். மெழுகின் மேல் மெழுகு எப்படி ஒட்டும்? பென்சிலைப் பின்பக்கமாகத் தள்ளிப் பிடித்து, அதன் கனம் மட்டும் பேப்பரில் படும்படி சின்னச் சின்ன வட்டமாகத் தீட்டுங்கள். முனை எப்போதும் ஊசி மாதிரி இருக்க வேண்டும். மொக்கை முனை மேடுகளை மட்டும் தொட்டுவிட்டுப் போகும், குழிக்குள் இறங்காது. இப்படிப் போனால் நல்ல பேப்பரில் பத்துப் பதினைந்து லேயர் தாராளமாக ஏறும். பளபளப்பாக்கும் பர்னிஷிங் வேலையைக் கடைசி லேயருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பேப்பரையும் மாற்றுங்கள். ஸ்டோன்ஹெஞ்ச் 250 ஜிஎஸ்எம் பருத்திப் பேப்பர், அல்லது பருத்தியில் செய்த 300 ஜிஎஸ்எம் ஹாட் பிரஸ் (வழவழப்பான) வாட்டர்கலர் பேப்பர். முகத்துக்கு கோல்டு பிரஸ் வேண்டாம், அதன் மேடுபள்ளம் தோலில் அம்மைத் தழும்பு மாதிரி தெரியும்.

கூந்தலில் இருப்பது வேக்ஸ் ப்ளூம். முனையிலுள்ள மெழுகு மெல்ல மேலே வந்து, திராட்சைத் தோலில் இருக்கும் வெண்பொடி மாதிரி பூக்கிறது. வெளிர் நிறங்களிலும் வரும், கண்ணுக்குத் தெரிவது அடர் நிறங்களில்தான். நிறம் போய்விடவில்லை, அடியில் அப்படியே இருக்கிறது. பழைய பனியன் துணியால் அழுத்தாமல் துடைத்தால் கருப்பு திரும்பும். அப்படியே விட்டால் மறுபடி பூக்கும். அதனால் துடைத்த கையோடு ஃபிக்ஸேட்டிவ் ஸ்ப்ரேயை (படத்தின் மேல் மெல்லிய காப்புப் படலம் போடுவது) 30 செ.மீ. தள்ளி நின்று, மெல்லிசாக இரண்டு மூன்று தடவை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடியுங்கள். மொட்டை மாடியில் வைத்து அடிப்பது நல்லது. நிறம் ஒரு பிடி கருக்கலாம், துண்டுப் பேப்பரில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

மாநிறம்_பலநிறம்:
பென்சில் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியமே இல்லை. பாலிக்ரோமோஸ் எண்ணெய் வகை, முனை 3.8 மி.மீ., கொஞ்சம் கெட்டி, கூர் நிற்கும், பூக்காது. பிரிஸ்மாகலர் பிரிமியர் மெழுகு வகை, வெண்ணெய் மாதிரி இறங்கும், கூர் சீக்கிரம் மழுங்கும். கெட்டியானது அடியில், மென்மையானது மேலே என்று வைத்துக்கொண்டால் இரண்டும் ஒரே படத்தில் நன்றாக ஒத்துப்போகும். தலைகீழாகப் போனால் வழுக்கும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் முகத்துக்கு பாலிக்ரோமோஸ்.

120 நிற செட் தேவையில்லை. தனித்தனியாகவும் கிடைக்கிறது. கருத்த தோலுக்கு இவற்றில் தொடங்குங்கள் (பக்கத்தில் இருப்பது பாலிக்ரோமோஸ் பென்சில் எண்): பர்ன்ட் ஓக்கர் 187, பர்ன்ட் சியன்னா 283, வால்நட் பிரவுன் 177, டார்க் செபியா 175, கேபுட் மார்ட்டம் வயலட் 263, டார்க் இண்டிகோ 157, கோல்டு கிரே I (குளிர் சாம்பல்) 230. முகம் முழுக்க 187 மெல்லிசாக, வெளிச்சம் விழும் இடத்தை மட்டும் விட்டுவிட்டு. அதன் மேல் 283. நிழல் திரும்பும் விளிம்பில், அதாவது கன்னம் காதை நோக்கி வளையும் இடத்தில், 263. அதற்கப்புறம்தான் 177, 175. தாடையின் அடிப்பக்கம், கண்குழி போன்ற ஆழத்துக்கு 157.

கருப்பு போட்டால் தோல் செத்துப்போவது ஏனென்றால், நம் தோலின் நிழலுக்குள் சிவப்பும் ஊதாவும் இருக்கிறது, கருப்பு அதை மூடிவிடுகிறது. கண்பாவைக்கும் மூக்குத் துவாரத்துக்கும் மட்டும் கடைசியில் ஒரு தொடுதல் போதும். இன்னொன்று, கருத்த தோலில் வெளிச்சம் வெள்ளையாக விழாது. வெட்டவெளியில் நிற்பவரின் நெற்றியையும் கன்னமேட்டையும் பாருங்கள், வானத்தின் நீலச்சாம்பல் அங்கே இருக்கும். 230 அதற்குத்தான். அங்கே வெளிர் ரோஸ் வைத்தால் பவுடர் போட்ட முகமாகிவிடும், ஆள் மாறிப்போவார்.

கோடும்நிழலும்:
மிக்க நன்றி, இருவருக்கும். ஏற்கெனவே அடைபட்ட கன்னத்தைக் காப்பாற்ற வழி உண்டா? நிறத்தைக் கரைக்கும் சால்வென்ட் என்கிறார்களே. மூக்குத்தியின் ஒளிப்பொட்டும் நரையும் பாக்கி. என்னிடமுள்ள வெள்ளை மேலே தெரியவே மாட்டேன் என்கிறது.

தாள்வாசம்:
கன்னத்துக்கு முதலில் நீடட் ரப்பரை (பிசைந்து உருமாற்றக்கூடிய அழிரப்பர்) தட்டையாக்கி ஒற்றி ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். மெழுகு ஒட்டிக்கொண்டு வரும். பிறகு ஒரு மெல்லிய கோட் வொர்க்கபிள் ஃபிக்ஸேட்டிவ் (மேலே மறுபடி தீட்ட விடும் வகை). காய்ந்ததும் இரண்டு மூன்று லேயர் பிடிக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

சால்வென்டை இந்த 140 ஜிஎஸ்எம் தாளில் முயல வேண்டாம், பின்பக்கம் ஊறித் தெரியலாம். அடுத்த படத்தில், கெட்டிப் பேப்பரில், மூன்று நான்கு லேயருக்குப் பிறகு கேம்சால் போன்ற வாசனையில்லாத மினரல் ஸ்பிரிட்டில் தூரிகையைத் தொட்டு, துணியில் ஒற்றிவிட்டு, வெளிர் பகுதியிலிருந்து அடர் பகுதிக்குப் போங்கள். நிறம் கரைந்து குழிக்குள் இறங்கும், மேலே மறுபடி இடம் கிடைக்கும். முழுக்கக் காய்ந்த பிறகே அடுத்த லேயர். ஜன்னல் திறந்திருக்கட்டும். பேபி ஆயில் போடச் சொல்லும் வீடியோக்களை நம்ப வேண்டாம், எண்ணெய் காயாது, தாளில் கறையாக நின்றுவிடும்.

மூக்குத்திக்கு காரன் டாஷ் லுமினன்ஸ் வெள்ளை அல்லது டெர்வென்ட் டிராயிங் வரிசையின் சைனீஸ் ஒயிட், ஒற்றைப் பென்சிலாக வாங்குங்கள். அடர் நிறத்தின் மேல் நன்றாக மூடும் வெள்ளைகள் அவை. பாலிக்ரோமோஸ் வெள்ளை கலப்பதற்கு நல்லது, மூடுவதற்குப் போதாது.

நரைக்கு, இந்தப் படத்தில் பிளேடு முனையால் மெழுகை மட்டும் சுரண்டி எடுக்கலாம், தாள் கிழியாத அளவுக்கு. அடுத்த முறை நிறம் போடும் முன்பே மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஒவ்வொரு நரைமுடியையும் தாளில் அழுத்திக் கீறிவிடுங்கள். அதன் மேல் பென்சிலைப் படுக்கவைத்துத் தீட்டினால் நிறம் பள்ளத்தில் இறங்காமல் தாண்டிப்போகும், முடி வெள்ளைக் கோடாக நிற்கும். கூர்முனையால் தீட்டினால் பள்ளம் நிரம்பிவிடும், அந்த இடத்தில் மட்டும் மொக்கை முனைதான்.

கோடும்நிழலும்:
பேனாவால் கீறும்போது அடியில் என்ன வைக்க வேண்டும்?

தாள்வாசம்:
இரண்டு மூன்று தாள் மடித்து வையுங்கள். கண்ணாடி மேஜை மேல் நேராக வைத்தால் பள்ளம் விழாது.