மறு: எம்.என்.ஐ.க்குத் தமிழ்ச்சொல்: 'சிறும உருப்படி'

அன்பர்களுக்கு வணக்கம்.

அகழாய்வு எலும்புத் தரவுத்தளத்தில் எம்.என்.ஐ.க்கு (MNI: கிடைத்த எலும்புகள் குறைந்தது எத்தனை விலங்குகளுடையவை என்ற எண்) 'குறைந்தபட்சத் தனிநபர் எண்ணிக்கை' என்ற சொல் பரிந்துரையாக வந்திருக்கிறது. ஆட்டையும் மாட்டையும் யாரும் நபர் என்பதில்லை. நம் வீரகனூர் ஆட்டுச்சந்தையில் "எத்தனை உருப்படி?" என்றுதான் கேட்பார்கள். பள்ளிக் கணக்கில் சிறுமம், பெருமம் ஏற்கெனவே உண்டு. ஆக, 'சிறும உருப்படி'.

என்.ஐ.எஸ்.பி.க்கு (NISP: எந்த விலங்கின் எந்த உறுப்பு என்று அடையாளம் கண்ட துண்டுகளின் எண்ணிக்கை) 'இனங்கண்ட எச்சம்' என்கிறேன். 'எலும்புத்துண்டு' என்றால் பல் விடுபடும். சேர்வராயன் மலைச் செம்மண் போன்ற அமில மண்ணில் எலும்பு கரைந்து பல்தான் மிஞ்சும்.

---

ஐயா, உருப்படி நல்ல சொல்தான். ஆனால் சலவைக்குப் போடும் துணியும் உருப்படியே. பதிவுப் படிவத்தில் அப்படியொரு கட்டத்தைப் பார்த்தால், பதிபவர் பையிலுள்ள எலும்புத் துண்டுகளை எண்ணிப் போட்டுவிடுவார்.

---

அந்தக் கட்டமே இருக்கக் கூடாது. சிறும உருப்படி, பதியும் எண் அல்ல. தேவைப்படும்போது தரவுத்தளத்தை வினவிக் கணக்கிட்டு எடுக்கும் எண்.

ஆட்டின் பின்னங்கால் நல்லி எலும்பை, அதன் கீழ்முனையை மட்டும், எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஆட்டுக்கு இது இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்றுதான். அதனால் இரண்டில் பெரிய எண்ணே சிறும உருப்படி. 3ஆம் அடுக்கில் இடம் 2, வலம் 1. சிறுமம் 2. 4ஆம் அடுக்கில் இடம் 1, வலம் 2. அதுவும் 2. கூட்டினால் 4 ஆடு. அடுக்குகளைப் பிரிக்காமல் பார்த்தால் இடம் 3, வலம் 3, ஆடு மூன்றுதான். பிரிக்கும் விதத்துக்கேற்ப மாறும் எண்ணை அட்டவணையில் உறையவைத்தால், பின்னால் வருபவர் அதைக் கூட்டித் தவறான மந்தையைக் காட்டுவார்.

பதிய வேண்டியவை: குழி, அடுக்கு, விலங்கு, எலும்பு, பக்கம், எந்த முனை, முனை (வளர்ச்சி முடிந்து தண்டோடு) ஒட்டியதா, வெட்டு, தீ, கடித் தடங்கள். ஒரு எச்சத்துக்கு ஒரு வரிசை. முனை பதியாவிட்டால் ஒரே எலும்பின் மேல்பாதியும் கீழ்பாதியும் இரண்டு ஆடாகும். தோண்டும்போது உடைந்தது வெளிறிய புது முறிவாகத் தெரியும். அதைப் பொருத்திப் பார்த்து ஒன்றாகவே எண்ணுங்கள். இடமா வலமா என்ற பக்கக் கட்டத்தை வெற்றாக விடாதீர்கள். பார்த்தும் தெரியவில்லையா, பார்க்கவே இல்லையா என்பது வெற்றுக் கட்டத்தில் புரியாது.

விலங்கின் பெயரில் தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. செம்மறியா வெள்ளாடா என்று பிரிக்க முடியாதபோது ஆங்கிலத்தில் இரண்டு பெயரையும் சாய்கோடிட்டு எழுதுகிறார்கள். நமக்கு 'ஆடு' போதும். வெளிமானோ என்ற ஐயம் இருந்தால் மட்டும் 'சிறிய குளம்பு விலங்கு' என்று போடுங்கள்.