புதுப்பிப்பு: நார்வே கப்பல் பயணம், டிசம்பர் இல்லை, மார்ச்

போன மாதம் கேட்டிருந்தேன்: நார்வே கடலோரக் கப்பலில் முதல்முறையாகக் குளிர்காலத்தில் போகிறோம், டிசம்பரா மார்ச்சா, எந்தப் பக்க அறை என்று. பதில் சொன்னவர்களுக்கு நன்றி. டிக்கெட் போட்டாயிற்று.

மார்ச் முதல் வாரம். தென்மேற்கிலுள்ள பெர்கனிலிருந்து வடகிழக்குக் கோடியிலுள்ள கிர்கெனெஸ் போய்த் திரும்பும் முழுச் சுற்று: 12 நாள், 34 துறைமுகங்கள். டிசம்பரை விட்டதற்குக் காரணம், வழியில் வரும் வடக்கு ஊரான ட்ரொம்சோ. நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடு வரை அங்கே சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. நண்பகலில் கொஞ்சம் நீல வெளிச்சம், அவ்வளவுதான். இரவு வானில் தெரியும் வண்ணத் துருவ ஒளிக்கு இருட்டு வேண்டும், சரி. ஆனால் மலையைப் பார்க்கப் பகலும் வேண்டுமே! மார்ச்சில் இரண்டும் உண்டு.

ஒரு வழி மட்டும் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். கால அட்டவணையைப் பார்த்ததும் மனம் மாறியது. போகும்போது இரவில் கடக்கும் ஊர்கள் பலவற்றைத் திரும்பும்போது பகலில் பார்க்கலாம். அறைக் கவலையும் இதிலேயே தீர்ந்தது: வடக்கே போகையில் பெருநிலம் வலப்பக்கம், வருகையில் இடப்பக்கம். ஒரே ஜன்னலில் கரையும் கடலும்.

ஏமாற்றம் ஒன்று. மலைகளுக்கு நடுவே நீளும் குறுகிய கடல் நீர்வழியான கெய்ராங்கர் ஃபியோர்டுக்குக் குளிர்காலத்தில் இந்தக் கப்பல்கள் நுழைவதில்லை. முதலில் வருத்தப்பட்டது என் மனைவிதான்.

அப்புறம், பூடோ துறைமுகத்திலிருந்து லொஃபோடென் தீவுகளுக்குப் போகும் திறந்த கடலில் நன்றாகவே ஆட்டும் என்றீர்கள். வாந்தி மாத்திரை வாங்கிவிட்டேன். காலணியில் மாட்டும் பனி முள் இன்னும் பாக்கி. இங்கேயே வாங்குவதா, பெர்கனிலா?