டோக்கியோ ஜிஹென்: உண்மையான குழுவா, ஷீனா ரிங்கோவின் புது மொந்தையா?

குறுந்தந்தி:
ஜப்பானியப் பாடகி ஷீனா ரிங்கோ 2004இல் தனிப்பாடகி வேலையை ஓரம் வைத்துவிட்டு டோக்கியோ ஜிஹென் என்ற ராக் குழுவுக்குப் பாடகியானதைப் பெரிய திருப்பம் என்கிறார்கள். அப்போது யார் யார் வாசித்தார்கள் என்று பாருங்கள். பாஸ் கமேதா செய்ஜி: 1999, 2000இல் வந்த ரிங்கோவின் முதல் இரண்டு ஆல்பங்களுக்கும் இசைக்கோர்ப்பு செய்தவர். டிரம்ஸ் ஹாதா தோஷிகி, கிட்டார் ஹிராமா மிகியோ, கீபோர்டு எச் ஜெட் எம்: 2003 'சுகோரோகு எக்ஸ்டஸி' சுற்றுப்பயணத்தில் பக்கவாத்தியம் வாசித்தவர்கள். அப்போதே அந்தப் பக்கவாத்தியத்துக்கு இந்தப் பெயர்தான். பழைய கள், புது மொந்தை.

அடித்தந்தி:
ஆள் அதே, சரி. வேலை அதே இல்லையே. குழுவின் முதல் சிங்கிள் (தனியாக வெளியிடும் பாட்டு) 'குன்ஜோ பியோரி', 2004 செப்டம்பர். அது யார் மெட்டு? எச் ஜெட் எம். வரிகள் மட்டும்தான் ரிங்கோ. தனியாக இருந்தபோது சொந்தமாக மெட்டுப் போட்டுப் பெயர் வாங்கியவர், புதுக் குழுவின் அறிமுகப் பாட்டுக்கு இன்னொருவர் மெட்டை எடுத்திருக்கிறார். பக்கவாத்தியக்காரருக்கு யாரும் இப்படி இடம் கொடுப்பதில்லை.

குறுந்தந்தி:
ஒரு சிங்கிளை வைத்து வாதாடாதீர்கள். அதே ஆண்டு நவம்பரில் வந்த குழுவின் 'க்யோஇகு' ஆல்பத்தில் பெரும்பாலான மெட்டு ரிங்கோவுடையதுதான்.

மிக்ஸர்மணி:
யார் மெட்டு என்பதை விடுங்கள், சத்தத்தைக் கேளுங்கள். 2003இல் வந்த ரிங்கோவின் தனி ஆல்பம் 'கருகி ஸாமென் குரி நோ ஹனா' முழுக்க ஸ்டூடியோவில் அடுக்கியது. மொத்த நீளம் 44 நிமிடம் 44 விநாடி. நடுப்பாட்டை அச்சாக வைத்துத் தலைப்புகள் இருபுறமும் சமச்சீர். அதை ஐந்து பேர் மேடையில் அப்படியே வாசிக்க முடியாது. 'க்யோஇகு' பாட்டுகளை முடியும். ஆனால் அவற்றைக் கவர் (மற்றவர் பாட்டை எடுத்து) வாசிப்பவர்கள் பத்துக்கு ஒன்பது பேர் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள்: கிட்டாரும் கீபோர்டும் நடு அலைவரிசையில் முட்டிக்கொள்ளும், குரல் அமுங்கிவிடும்.

உடனே மிக்ஸரில் குரலின் சத்தத்தைக் கூட்டும் ஃபேடரை ஏற்றுவார்கள். சின்ன அறையில் அது தப்பு, பாடகியின் மைக்கில் ஏறும் சிம்பலும் சேர்ந்து உயரும். முதலில் கிட்டார் ஆம்ப்பைக் குரல் மைக் பக்கம் பார்க்காமல் திருப்புங்கள். டிஸ்டார்ஷன் கெயினை (கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் அளவு) தனியாக வாசிக்கும்போது பிடித்த அளவுக்குக் கீழே வையுங்கள். கிட்டாரில் சுமார் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு, 2.5 முதல் 3 கிலோஹெர்ட்ஸில் 3 டெசிபெல் இறக்கம். குரலின் தெளிவு அங்கேதான் இருக்கிறது. கீபோர்டுக்காரர் இடது கையை ஓர் ஆக்டேவ் மேலே தூக்க வேண்டும், இல்லாவிட்டால் பாஸ் சேறாகிவிடும். இத்தனை விட்டுக்கொடுத்தால்தான் பாட்டு நிற்கிறது. என் கணக்கில் குழு என்பதற்கு அதுதான் அடையாளம்.

குறுந்தந்தி:
அப்படி விட்டுக்கொடுப்பது யாருக்காக? குரலுக்காக. அந்தக் குரல் யாருடையது? நீங்கள் சொன்னது என் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்கிறது மணி சார். இன்னொன்று: 2005இல் ஹிராமாவும் எச் ஜெட் எம்மும் விலகினார்கள். கிட்டாருக்கு உகிகுமோ, கீபோர்டுக்கு இசாவா இச்சியோ வந்தார்கள், பெயர் மாறவில்லை. ரிங்கோ விலகியிருந்தால் பெயர் தங்கியிருக்குமா?

அடித்தந்தி:
பாடகர் போனால் பெரும்பாலான ராக் குழுக்களுக்கு அதே கதிதான், அது அளவுகோல் ஆகாது. ஆள் மாறியதும் என்ன நடந்தது என்று பாருங்கள். 2007இல் வந்த 'கோரகு'வில் ரிங்கோவின் மெட்டு ஒன்றுகூட இல்லை. 'ஓஸ்கா' உகிகுமோவுடையது, 'கில்லர் டியூன்' இசாவாவுடையது. 2012 ஜனவரியில் 'கலர் பார்ஸ்', ஐந்து பேருக்கும் ஆளுக்கு ஒரு பாட்டு. (ஆல்பம் பெயர்களெல்லாம் தொலைக்காட்சி அலைவரிசை வகைகள்: 'க்யோஇகு' என்றால் கல்வி, 'கோரகு' என்றால் கேளிக்கை, அப்புறம் விளையாட்டு என்று. கடைசியில் ஒளிபரப்பு முடிந்ததும் வரும் வண்ணப்பட்டை. குறும்பு!) அந்த ஆண்டு பிப்ரவரி 29இல் டோக்கியோவின் புடோகன் அரங்கில் கடைசி மேடை, குழு கலைந்தது. 2020 ஜனவரி 1இல் திரும்பியதும் அதே ஐந்து பேர்தான். கூலிக்கு வாசிப்பவர்கள் என்றால் எட்டு வருஷம் கழித்து அதே ஆட்களையா கூப்பிட வேண்டும்?

குறுந்தந்தி:
குழு நடக்கும்போதே 2009இல் 'சன்மோன் காஸிப்' என்று தனி ஆல்பம் போட்டாரே?

அடித்தந்தி:
அதனால்தான் இரண்டும் வேறு என்கிறேன். எல்லாம் அவர் கடை என்றால் தனிக்கடை எதற்கு?

குறுந்தந்தி:
சரி, 2007ஐ ஒப்புக்கொள்கிறேன். 2004ஐ ஒப்புக்கொள்ள மாட்டேன். அப்போது அது பெயர் மாற்றம் மட்டும்தான்.

மிக்ஸர்மணி:
2004ஐத் தனியாகச் சோதிக்கலாம், ஒரே பாட்டு இரண்டு விதமாக இருக்கிறது. 'ரிங்கோ நோ உதா', தனிப்பாடகியின் சிங்கிளாக 2003 நவம்பர் 25. குழு மறுபடி வாசித்து 'க்யோஇகு'வின் முதல் பாட்டாக, சரியாக ஒரு வருஷம் கழித்து அதே தேதியில். ஹெட்ஃபோனில் அடுத்தடுத்துக் கேளுங்கள். முதலில் இரண்டின் சத்த அளவையும் காதால் சமப்படுத்திக்கொள்ளுங்கள், உரக்க இருப்பதுதான் நன்றாக இருப்பதாகத் தோன்றும். முதல் தடவை குரலை மறந்துவிட்டு பாஸை மட்டும் பின்தொடருங்கள். அடுத்த தடவை கீபோர்டை மட்டும். கேட்டுவிட்டு வாருங்கள், பேசலாம்.