சணப்பு நார்: நுனி அழுகுகிறது, அடி உரிய மாட்டேன் என்கிறது

வணக்கம். பசுந்தாள் உரத்துக்கு விதைக்கும் சணப்புச் செடியின் தண்டில் நார் எடுத்து, கையால் நூற்று, துணி நெய்யப் பார்க்கிறேன். நார்ப்பட்டை கழலத் தண்டை நீரில் ஊறவைக்கும் கட்டத்தில் சிக்கி நிற்கிறேன்.

இடம் பவானி பக்கம், பத்து சென்ட். ஆடிப் பட்டத்தில் நெருக்கி விதைத்தது. பசுந்தாள் உரம் என்றால் பூக்கும்போதே மடக்கி உழுதிருப்போம். நாருக்காகக் காய் பிடிக்கும்வரை விட்டு ஐப்பசியில் அறுத்தேன். ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த தண்டு, அடி சுண்டுவிரல் பருமன். இலை உதிர்ந்ததும் கட்டுக் கட்டி, சிமென்ட் தொட்டியில் போர்வெல் தண்ணீர் விட்டு, மேலே கல் வைத்து அமுக்கினேன்.

ஐந்தாம் நாள் நுனிப் பக்கம் பட்டை வழுக்கிக்கொண்டு அழகாக உரிகிறது. அடிப்பக்கமோ உள்குச்சியோடு ஒட்டியே கிடக்கிறது. அது கழலட்டும் என்று எட்டு நாள் விட்டால் நுனி நார் இழுத்ததும் அறுந்துவிடுகிறது. காய்ந்தபின் நிறம் கறுத்த சாம்பல். விரலில் தேய்த்தால் தவிடு மாதிரி உதிர்கிறது, இழை பிரிவதில்லை.

முதலில் அடியை மட்டும் நீரில் நிற்கவைத்து, அப்புறம் கட்டைப் படுக்கப் போட்டேன். கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவுதான். மரச்சுத்தியால் அடியை நசுக்கியதில் நாரே சேதமானது. பாதித் தண்ணீரை மாற்றினால் நாற்றம் குறைகிறது, நிறம் மாறவில்லை. சலவை சோடாவில் கொதிக்கவைத்தால் மென்மை வருகிறது, பலம் போய்விடுகிறது. கயிறு திரிக்க இதுவே போதும் என்கிறார்கள். எனக்கு நூல்தான் வேண்டும். பாதிக் கட்டுகள் இன்னும் ஊறப்போடாமல் கொட்டகையில் இருக்கின்றன.

சணப்பு நார் எடுத்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்: அடியும் நுனியும் ஒரே நேரத்தில் பதமாக ஊற என்ன செய்ய வேண்டும்?