தாயம் விழாமல் மந்திரம் இல்லை: உங்கள் கனவு விளையாட்டு உலகம் எப்படி இருக்கும்?

ரங்கூனிலிருந்து:

சரி, நானே ஆரம்பிக்கிறேன். போன மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை ராத்திரி. நாலாவது மாடி, நாலு பேர், கரண்ட் இல்லை. சார்ஜ் லைட்டை நடுவில் வைத்துக்கொண்டு ரோல்பிளேயிங் ஆட உட்கார்ந்தோம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, நான் இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்பார்கள். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். 1974-இல் கேரி கைகேக்ஸும் டேவ் ஆர்னெசனும் அமெரிக்காவில் கொண்டுவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகைக்கு மூத்தது. 1979-இல் வந்த அதன் நடத்துநர் கையேட்டில், தன்னைத் தூண்டிய கதைகளின் பட்டியலையே கைகேக்ஸ் பின்னிணைப்பாகப் போட்டிருக்கிறார். நாவலில் இருந்து உலகத்தை எடுப்பது புதுசு இல்லை.

என் பட்டியல் தாத்தாவின் தகரப்பெட்டி. உள்ளே கல்கியில் 1950 முதல் 1954 வரை வந்த பொன்னியின் செல்வன், பைண்டிங் விட்டுப்போய், நடுவில் பக்கம் இல்லாமல். அதிலிருந்து ஒற்றன், சுரங்கவழி, கப்பல் எல்லாம் அள்ளிக்கொண்டு வந்தேன். அரை மணி நேரத்தில் ஆட்டம் படுத்துவிட்டது. எல்லாருக்கும் கதை தெரியுமே! ஒற்றன் வாயைத் திறந்ததும் "மச்சான், இவன் அவன்தானே?" என்றான் ஒருவன். சுரங்கம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் மூன்று பேரும் தீவட்டியோடு நிற்கிறார்கள்.

கடுப்பில், "சுரங்கத்தின் அந்தப் பக்கம் போப்பா மலை" என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொன்னதில்லை.

போப்பா என்றதும் அறையே மாறிவிட்டது. அங்கே யார் இருக்கிறார் என்று இந்த நாட்டில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். தகாங் ஊர்க் கொல்லன், அவன் பலத்துக்குப் பயந்து அரசன் மரத்தில் கட்டி எரித்தான், தங்கையும் அதே தீயில் விழுந்தாள், இரண்டு பேரும் நாட், அதாவது பர்மியக் காவல் தெய்வம், ஆகிவிட்டார்கள். நாட் தெய்வங்கள் 37 பேரில் வீட்டைக் காப்பவர் மகாகிரி என்று பெயர் பெற்ற அந்தக் கொல்லன்தான். பக்கத்து வீட்டுப் பர்மாக்காரர்கள் சிவப்புத் துணி சுற்றித் தேங்காய் தொங்கவிட்டிருப்பது அவருக்காக. அதுவரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து உட்கார்ந்து, "தேங்காய் வாங்காமல் நான் மலை ஏறமாட்டேன்" என்றான். அடிவாரக் கடைக்காரியோடு அவன் இருபது நிமிடம் பேரம் பேசினான். கடைக்காரியும் நான்தான். தேங்காயைத் தட்டிப் பார்க்கிற சத்தத்தை நாக்கிலேயே செய்தான். அன்றைக்கு ஒருத்தன்கூட வாளை உருவவில்லை. ராத்திரி இரண்டு மணிக்குத்தான் எழுந்தோம்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. வரைபடம், ராஜ பரம்பரை எல்லாம் பிறகு போட்டுக்கொள்ளலாம். இந்த வாசலில் யார் காவல், யாரிடம் கேட்டுவிட்டு உள்ளே போக வேண்டும்? அது முதலில் தெரிய வேண்டும். நம் ஊர் எல்லையில் முனீஸ்வரன் நிற்பதும் அதற்குத்தானே.

பகடை பற்றியும் கேட்பீர்கள். இருபது முகப் பகடை எங்களிடம் இல்லை. ஆயாவின் பித்தளைத் தாயக்கட்டை இருந்தது. ஒவ்வொன்றிலும் வெற்று, 1, 2, 3 என நாலு பக்கம். இரண்டையும் உருட்டினால் பதினாறு விதமாக விழலாம். அதில் தாயம், அதாவது ஒன்று, இரண்டு விதம்; இரண்டும் வெற்றாக விழும் பன்னிரண்டு ஒரே விதம். இருபது முகப் பகடையில் இருபதில் ஒன்று, இதில் பதினாறில் ஒன்று, கிட்டத்தட்ட அதே அருமை. ஒரே வித்தியாசம், மூன்று அடிக்கடி விழும். அதனால் மூன்று விழுந்தால் பாதிக் காரியம் என்று வைத்துக்கொண்டோம். தாயம் விழாமல் எந்த மந்திரமும் கிளம்பாது. உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

மோல்மேனிலிருந்து:

தம்பி, நான் கோவிலில் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுப்பவள். நீங்கள் சொன்னதை வகுப்பில் ஆடிப் பார்த்தேன். மந்திரவாதி யார் என்று கேட்டால் நீளத் தொப்பியும் வெள்ளைத் தாடியுமாக வரைகிறார்கள், எல்லாம் கார்ட்டூன் உபயம். உங்கள் தாத்தா பாட்டி கதையில் யாரடா இருந்தார்கள் என்றேன். பாதிப் பேர் சித்தர் என்றார்கள், பாதிப் பேர் வெய்சா, அதாவது பர்மிய மந்திரசித்தர், என்றார்கள். இரண்டு பேருக்கும் இவ்வளவு ஒற்றுமையா என்று எனக்கே அன்றைக்குத்தான் பட்டது. சித்தருக்கு ரசமணி, வெய்சாவுக்கு உலோக உருண்டை. அவரும் ஆகாயத்தில் போவார், இவரும் போவார்.

அப்போது ஒரு பையன் போபோ அவுங் என்கிற வெய்சாவின் கதையைச் சொன்னான். அரசனுக்கு முன்னால் வட்டமாக ஒரே ஒரு பர்மிய 'வ' எழுதி, முடிந்தால் அழியுங்கள் என்றாராம். ஒன்றை அழித்தால் இரண்டு ஆயிற்று, இரண்டை அழித்தால் நாலு, கடைசியில் அரண்மனை முழுக்க 'வ'. நம் சித்தருக்கு எந்த எழுத்து டீச்சர் என்று கேட்டான். சண்டை போட்டு 'ழ' என்று முடிவு செய்தார்கள். கரும்பலகையில் ஆடினோம். ஒருத்தி அரசன், துணியால் அழிப்பாள். மற்றவர்கள் அழித்த ஒவ்வொன்றுக்கும் இரண்டு எழுத வேண்டும். ஐந்தாவது சுற்றில் 32 'ழ'. பலகையில் இடம் இல்லை, சாக்பீஸ் தீர்ந்தது, அரசனின் பாவாடை முழுக்க வெள்ளை. இரண்டு மாதமாகச் சுழி தப்பாகப் போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் அன்று ஒழுங்காகப் போட்டார்கள், அது தனிக் கதை.

கடைசியில் அரசனாக இருந்தவள் துணியைக் கீழே போட்டுவிட்டு, "நான் அழிக்கவில்லை, போங்கள்" என்று உட்கார்ந்துவிட்டாள். எழுத ஒன்றும் இல்லை! அதையே விதியாக வைத்துவிட்டோம். எதிர்க்கிறவனிடம்தான் இந்த மந்திரம் வளரும், சும்மா இருப்பவனிடம் செல்லாது. உங்கள் உலகத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பேகுவிலிருந்து:

தம்பி, எனக்கு இந்த விளையாட்டெல்லாம் தெரியாது. பேரன் வாசித்துக் காட்டினான். ஒன்று மட்டும் சொல்கிறேன். உங்கள் கதைகளில் எப்போது பார்த்தாலும் பொற்காசுப் பை. எந்த ஊரில் ஐயா காசு அப்படி அசையாமல் இருந்தது? 1987 செப்டம்பர் 5, சனிக்கிழமை. 25, 35, 75 சாட் (பர்மியப் பணம்) நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு. மாற்றித் தரவும் இல்லை. என் கையில் 75 நோட்டு பதினொன்று இருந்தது, கடைக்குச் சரக்கு எடுக்க வைத்திருந்தேன். பிறகு வந்த புது நோட்டு எவ்வளவு தெரியுமா? 45, 90. இரண்டும் ஒன்பதால் வகுபடும். ஒன்பது ராசியான எண்ணாம். மூன்று 45-உம் ஒரு 90-உம் சேர்த்தால் எவ்வளவு என்று வெற்றிலைக் கடையில் நின்று விரல் விட்டிருக்கிறோம். எந்தக் கதாசிரியனுக்கு இது தோன்றும்? அந்தப் பதினொன்றையும் வெகுநாள் வைத்திருந்தேன். பிள்ளைகள் கடை விளையாட்டு விளையாடிக் கிழித்தார்கள்.

மறுபடி ரங்கூனிலிருந்து:

அக்கா, ஐயா, இரண்டையும் அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டேன்.

இப்போது நாங்கள் ஆடுவது பர்மாவின் பழைய தலைநகரான பகான் கதை. அங்கே கிடைத்த 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்றில் தமிழ் இருக்கிறது. மலைமண்டலத்து (இன்றைய கேரளம்) மகோதயர்பட்டணத்துக்காரர் ஒருவர், புக்கம் என்கிற பகானில் இருந்த நானாதேசி விண்ணகர் என்ற பெருமாள் கோவிலுக்கு மண்டபம் கட்டி, கதவு போட்டு, ஒரு நிலைவிளக்கும் வைத்தார் என்கிறது. அரசனைப் பற்றிய பெருமையே அதில் பெரிதாக இல்லை. மண்டபம், கதவு, விளக்கு, அவ்வளவுதான். எனக்கு இது எந்தப் போர்க்கதையைவிடவும் பிடித்திருக்கிறது. அந்தக் கதவு எங்கே செய்தது, எப்படி வந்தது என்று கல்வெட்டு சொல்லவில்லை. அதனால் அது கப்பலில் வந்தது என்று நானே வைத்துக்கொண்டேன். கடற்கரையில் இருந்து ஐராவதி வழியாகக் கதவை எதிர்நீரோட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அதுதான் ஆட்டம்.

ஒரு வேடிக்கை பாருங்கள், காவலைக் கேட்காமல் எந்த வாசலிலும் நுழையக்கூடாது என்று விதி வைத்தேன் அல்லவா? கையோடு ஒரு வாசலைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு அது எவ்வளவு தொல்லை! படகை எந்தத் துறையில் கட்டினாலும் அந்த ஊர் நாட் வந்து, இந்தக் கதவுக்கு யார் காவல் என்று கேட்கிறது. காவல் இல்லாத கதவு என்றால் தானே வந்து உட்கார்ந்துகொள்கிறேன் என்கிறது. மூன்று நாட் ஏற்கெனவே ஏறிவிட்டார்கள். ஒருவருக்கொருவர் ஆகாது வேறு.

போன வாரம் படகுக்காரன் கதவுக்கும் ஓர் ஆள் கூலி கேட்டான். 75 நோட்டு கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டான். அடுத்த துறையில் இறங்கும்போது அந்த நோட்டு செல்லாது என்று முரசு அறைய வைத்தேன். ஐயா, உங்களை நினைத்துத்தான் செய்தேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இப்போது தேங்காய் வாங்கவும் காசு இல்லை, தாயமும் விழவில்லை. படகுக்காரன் கதவைப் பிடித்துக்கொண்டு தரமாட்டேன் என்கிறான். இவர்கள் அவனை எதிர்க்காமல் சும்மா உட்கார்ந்து பார்க்கப் போகிறார்களாம், அக்கா.