பால்ட் ஹில் முதல் வொலாங்காங் வரை: வருஷத்துக்கு இரண்டு முறை பறக்கிறவர் மலையை விட்டு நகரலாமா?

பொங்கோல்_பருந்து

போன மாதம் ஒரு வாரம் லீவு எடுத்து, சிங்கப்பூரிலிருந்து ஆஸ்திரேலியாவின் ஸ்டான்வெல் பார்க் போய் ஹேங் கிளைடரில் (முக்கோணச் சட்டத்தைப் பிடித்துத் தொங்கிப் பறக்கும் துணி இறக்கை) பறந்துவந்தேன். சிட்னிக்குத் தெற்கே ஹெலன்ஸ்பர்க் வேங்கடேஸ்வரர் கோயிலைப் பார்த்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். அங்கிருந்து காரில் பத்து நிமிடம் போனால் பால்ட் ஹில். கடலுக்கு நேர் மேலே ஏறத்தாழ 300 மீட்டர். 1894 நவம்பரில் பறத்தல் ஆராய்ச்சியாளர் லாரன்ஸ் ஹார்க்ரேவ் நான்கு பெட்டிப் பட்டங்களைக் கோத்துக் கட்டி, தானே அதில் தொங்கி 16 அடி எழும்பியது அந்தக் குன்றடிக் கடற்கரையில்தான்.

நான்காம் நாள் தென்கிழக்குக் காற்று சீராக வந்தது. கடற்காற்று பாறைச் சுவரில் மோதி மேலேறுகிற பட்டையை விடாமல் பிடித்துக்கொண்டு கோல்கிளிஃப், சீ கிளிஃப் பாலம், ஸ்கார்பரோ என்று தெற்கே போனேன். பாலத்தின் மேல் என் இறக்கையின் நிழல் கார்களோடு சேர்ந்து ஓடியது. ஆஸ்டின்மர் வரை நேர்கோட்டில் சுமார் 10 கி.மீ. போய்த் திரும்பி, கிளம்பிய மலையடியிலேயே இறங்கினேன்.

அடுத்த முறை வொலாங்காங் வரை போய்வர ஆசை. ஒரு வழி 20 கி.மீ.க்குக் கொஞ்சம் மேல். இதுவரை 60 மணி நேரம் பறந்திருக்கிறேன். என் கிளைடர் ஒரு மீட்டர் இறங்குவதற்குள் 10 மீட்டர் முன்னே போகும். கையில் 300 மீட்டர் உயரம் இருந்தால் 3 கி.மீ. தாண்டலாம். மலைச் சரிவு அறுந்துபோகிற எந்த இடைவெளியும் பயமில்லை. கூட வர யாராவது உண்டா?

புக்கிட்163

தம்பி, ஆஸ்டின்மர் போய்த் திரும்பியதற்கு மனமார்ந்த வாழ்த்து. ஆனால் அந்த 3 கி.மீ. கணக்கை நம்பித் தயவுசெய்து போகாதீர்கள்.

அது காற்றே இல்லாத நாளின் கணக்கு. நீங்கள் போவது தெற்கே, காற்று வருவது தென்கிழக்கிலிருந்து. இறக்கை காற்றில் 45 கி.மீ. வேகம் போகிறது, எதிர்க்காற்று 20 என்று வையுங்கள். தரையில் உங்கள் வேகம் 25தான். கீழே இறங்கும் வேகம் மட்டும் மாறாது. 3 கி.மீ. அப்போது 1.7 கி.மீ.கூட இல்லை. இடைவெளியில் மேலேற்றும் காற்றும் கிடையாது. இரண்டு சரிவுக்கு நடுவே காற்று நெருக்கிக்கொண்டு வேகமாக வேறு வரும். கடலுக்குள் நீட்டிய மலைமூக்குகளின் வடக்குப் பக்கம் ரோட்டர், அதாவது இறக்கையைப் புரட்டுகிற சுழல்காற்று, சுழலும். அங்கே போய்ச் சேரும்போது உங்களிடம் 80 மீட்டர் மிச்சமிருந்தால், அந்த 80ம் உங்களுடையது இல்லை.

நான் இதைப் படித்துச் சொல்லவில்லை. பல வருஷங்களுக்கு முன் ஒன்பது மாத இடைவெளிக்குப் பிறகு சிங்கப்பூரிலிருந்து போய் இறங்கி, மூன்றாம் நாளே இடைவெளி தாண்டினேன். அப்போது என் பதிவேட்டில் 110 மணி நேரம் இருந்தது. பாதியில் வேரியோ (ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று ஒலியால் சொல்லும் கருவி) இறங்குகிறாய் என்று கத்த ஆரம்பித்தது. திரும்பியிருக்க வேண்டும். மனசு கேட்கவில்லை, இன்னும் கொஞ்சம்தானே என்றது. அலையடிக்கிற இடத்தில் இறங்கினேன். முதல் அலையிலேயே இறக்கைத் துணிக்குள் தண்ணீர் புகுந்து முழுப் பாரமும் என்னைக் கீழே இழுத்தது. என்னை இறக்கையோடு கட்டியிருந்த வார்க்கச்சையின் (ஹார்னஸ்) பக்கிளைக் கை தேடுகிறது, கிடைக்கவில்லை. அலைச்சறுக்குப் பலகையில் இருந்த ஒரு பையன் வந்து வாரை வெட்டி என்னை விடுவித்தான். அவன் பெயரைக்கூட நான் கேட்கவில்லை, இன்றும் அது உறுத்துகிறது.

உங்களிடம் 60 மணி நேரம் இருக்கலாம். கடைசி 12 மாதத்தில் எத்தனை மணி? அதுதான் கேள்வி.

ஜூக்ரா_காற்று

புக்கிட் அண்ணே, உங்கள் அனுபவத்துக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் முடிவோடு ஒத்துப்போக முடியாது.

நம் ஊரின் உச்சி புக்கிட் தீமா, 164 மீட்டர்கூட இல்லை. அங்கிருந்து யாரும் குதிக்கவும் முடியாது. ஹேங் கிளைடரை மடித்தாலும் அஞ்சு ஆறு மீட்டர் குழாய். வீவக அடுக்குமாடி லிஃப்ட்டில் ஏறாது. நீங்கள் சொல்கிற அளவுகோலை வைத்தால் சிங்கப்பூர்க்காரன் எவனும் எந்தக் காலத்திலும் மலையை விட்டு நகரக் கூடாது என்றாகிறது. அது நியாயமா?

நான் வழி கண்டுபிடித்திருக்கிறேன். மாதம் ஒரு தடவை சிலாங்கூர் போய் புக்கிட் ஜூக்ராவில் பாராகிளைடரில் (சட்டமில்லாத, கயிறுகளில் தொங்கும் துணி இறக்கை) பறக்கிறேன். காற்றைப் படிக்கிற கண் துருப்பிடிக்காமல் இருக்கிறது. மேகம், இலை அசைவு, கடல் மேல் வெள்ளைக் கோடு எல்லாம் இரண்டுக்கும் பொதுதானே.

இன்னொன்று. 2012ல் டெக்சஸ் ஜபாட்டாவிலிருந்து டஸ்டின் மார்ட்டின் ஹேங் கிளைடரில் 760 கி.மீ.க்கு மேல் பறந்தார். அதோடு வைத்துப் பார்த்தால் 20 கி.மீ. கடலோரம் எவ்வளவு?

புக்கிட்163

ஜபாட்டாவை இங்கே இழுக்காதீர்கள், தம்பி. அது சமவெளி. தெர்மல் (மேலேறும் வெப்பக் காற்று) விட்டுப்போனால் கீழே எங்கும் வயலும் மேய்ச்சல் நிலமும். இறங்கிவிட்டுக் காருக்குக் காத்திருக்கலாம். நீங்கள் போகிற இல்லவாரா கடலோரத்தில் ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் கடல். கோல்கிளிஃபுக்கும் கிளிஃப்டனுக்கும் நடுவே பாறை சரிந்து விழுந்து பழைய சாலையை மூட வேண்டியதால்தான் கடல்மேல் 665 மீட்டர் பாலம் போட்டார்கள். உங்களுக்கு எங்கே இறங்க இடம் இருக்கும்? ஆஸ்டின்மர் தாண்டினால் மலை உள்ளே விலகிப் போகிறது, அப்போது காலடியில் வீடுகளும் மின்கம்பிகளும்.

பாராகிளைடர் விஷயத்தில் நீங்கள் சொன்னதில் பாதி சரி. கண் பழகும், கை பழகாது. பாராகிளைடரில் பயந்து கையைக் கீழே இழுத்தால் வேகம் குறையும். ஹேங் கிளைடரில் கைப்பிடிக் கம்பியை நெஞ்சுக்கு இழுத்தால் வேகம் கூடும். 1963ல் கிராஃப்டனில் ஜான் டிக்கின்சன் அந்த முக்கோணச் சட்டத்தைப் பொருத்திய நாளிலிருந்து நாம் உடம்பை நகர்த்தித்தான் ஓட்டுகிறோம். தரையிலிருந்து இரண்டு ஆள் உயரத்தில் திடீரென்று இறக்கை சாயும்போது மூளை யோசிக்காது, பழகிய கைதான் வேலை செய்யும். மாதம் ஒரு தடவை பாராகிளைடர், வருஷம் இரண்டு தடவை ஹேங் கிளைடர் என்றால் எந்தக் கை முந்தும்?

ஜூக்ரா_காற்று

கை விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன், அதை நான் யோசிக்கவில்லை. ஆனாலும் ‘போகாதே’ என்பதை ஏற்க மாட்டேன். இறங்குவதைத்தான் முதலில் பழக வேண்டும் என்று சொல்லுங்கள், கேட்கிறேன்.

தெம்பனிஸ்_அக்கா

நான் பறக்கிறவள் இல்லை. என் தம்பி பறக்கிறான். நான் அவசரப் பிரிவில் தாதி. இதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

மூன்று பேரும் காற்றைப் பற்றியே பேசுகிறீர்கள். ஓடிக் குதிப்பதற்கு முன் ஹார்னஸை இறக்கையோடு கிளிப் மாட்டுவதைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே? 2018ல் சுவிட்சர்லாந்தில் நடந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். கூட்டிப்போனவர் பயணியை மாட்டவே மறந்து ஓடிவிட்டார். அந்த மனிதர் இரண்டு நிமிடத்துக்கு மேல் வெறும் கையால் தொங்கி, மணிக்கட்டு உடைந்து, உயிர் பிழைத்தார். கூட்டிப்போனவர் அன்றுதான் பழக ஆரம்பித்தவர் இல்லை. அவருக்கே அப்படி என்றால், ஏழு மாதம் கழித்து, ராத்திரி விமானத்தில் தூங்காமல் போய், காற்று நின்றுவிடுமோ என்ற அவசரத்தில் ஓடுகிறவருக்கு?

ஒவ்வொரு தடவையும் படுத்துத் தொங்கிப் பார்த்து, இன்னொருவர் கையால் அந்த மாட்டும் கொக்கியை (கேராபினர்) தொட்டுச் சொல்ல வேண்டும் என்று என் தம்பியிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். உங்களிடமும் கேட்கிறேன்.

அப்புறம் பயணக் காப்பீடு. பாலிசியின் விலக்குப் பக்கத்தை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். பயிற்றுநரோடு ஒரு தடவை பறப்பதும், தனியாக மலையோரம் பல கி.மீ. போவதும் அவர்கள் கண்ணில் ஒன்று கிடையாது. முதுகெலும்பு முறிந்த ஒருவரைப் படுக்கையோடு இங்கே கொண்டுவர என்ன செலவாகும் என்று ஒரு குடும்பம் என்னிடம் கேட்டு அழுததை நான் மறக்கவில்லை.

பொங்கோல்_பருந்து

அக்கா, சத்தியம். இதை என் மனைவியிடமும் சொல்லிவிட்டேன்.

புக்கிட் அண்ணே, பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். கடைசி 12 மாதத்தில் 9 மணி நேரம். அந்த எண்ணைப் பார்த்தபோது கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

எதிர்க்காற்றுக் கணக்கையும் போன முறைப் பதிவோடு ஒப்பிட்டேன். கோல்கிளிஃப் இடைவெளியில் 190 மீட்டர் உயரம் இழந்திருக்கிறேன். நான் திறமையாகத் தாண்டினேன் என்றே நினைத்திருந்தேன். அன்று புறப்படும்போதே மலைக்கு மேல் 250 மீட்டர் கூடுதலாக இருந்ததால்தான் தாண்டினேன்.

ஆனால் வொலாங்காங்கைக் கைவிடவில்லை. ஒரு வாரம், ஒரு வாரம் என்று இரண்டு முறை போவதற்குப் பதில், மகளின் பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) முடிந்ததும் நவம்பரில் மூன்று வாரம் ஒரே லீவாக எடுக்கிறேன். ரிசர்விஸ்ட் ராணுவப் பயிற்சி இந்த ஆண்டு முடிந்துவிட்டது. முதல் வாரம் பால்ட் ஹில்லை விட்டு நகர மாட்டேன். ஒவ்வொரு நாளும் குறித்த இடத்தில் இறங்கிப் பழகுவேன். இரண்டாம் வாரம் கோல்கிளிஃப் வரை. மலைக்கு மேல் 250 இல்லையென்றால் தாண்டுவது கிடையாது. பாதி வழியில் 150 இழந்துவிட்டால் உடனே திரும்புவது.

புக்கிட்163

மூன்று வாரம் சேர்த்து எடுப்பது நல்ல முடிவு. 150 அதிகம், 100 என்று வையுங்கள். திரும்பும்போது காற்று முதுகில் என்றாலும் கீழிறங்கும் காற்றைத் திரும்பவும் கடக்க வேண்டும்.

வொலாங்காங்குக்கு இந்த நவம்பரில் நான் சம்மதிக்கவில்லை. ஆஸ்டின்மர் போய்வருவதையே மூன்று தடவை தடுமாற்றமில்லாமல் செய்யுங்கள், அடுத்த வருஷம் பேசலாம்.

ஜூக்ரா_காற்று

மூன்று தடவை நல்லபடி போய்வந்தவரை அடுத்த வருஷம் வரை காத்திரு என்றால், அதற்குள் கை மறுபடி துருப்பிடிக்குமே அண்ணே? மூன்றாம் வாரம் நல்ல காற்று அமைந்தால், அப்போதுதான் அவர் கை ஆகச் சிறந்த நிலையில் இருக்கும்.

புக்கிட்163

அது நியாயமான கேள்வி. யோசித்துப் பதில் எழுதுகிறேன். அதற்கு முன் ஒன்று: மலையில் தம்பி இருக்கும்போது கீழே கடலோரச் சாலையில் காரும் ரேடியோவும் வைத்துக்கொண்டு யார் இருக்கப்போகிறார்கள்?

பொங்கோல்_பருந்து

இதுவரை யாரும் இல்லை.

புக்கிட்163

தேதியைச் சொல்லுங்கள். இரண்டாம் வாரத்துக்கு நான் வருகிறேன்.